மூன்று வருஷம் வாயைத் திறக்காமல்

கான்சாஸ் சிட்டி
ஏப்ரல் 20

அன்புள்ள ஜெயா,

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் உன் பெண் கயல் விஷயம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. வாட்ஸப்பில் ஒரு பொம்மையை அனுப்பி முடித்துக்கொள்கிற விஷயமா அது? கோபித்துக்கொள்ளாதே. இன்றைக்கு எழுதி முடிக்காமல் எழுந்திருக்கப் போவதில்லை.

இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்கு முழங்கால் வலி அப்படியேதான். நார்த்தங்காய் ஊறுகாய் வந்து சேர்ந்தது, பாதி பாட்டில் காலி. லில்லி பத்திரிகை அனுப்பியிருந்தாள். அந்த மஞ்சள் தாவணிக்காரி வீட்டில் பேரனுக்குப் பெயர் வைக்கிறார்கள் என்றால் நம்பவா முடிகிறது? எஸ்தர் மிஸ்ஸைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல். பந்தைப் பற்றி மட்டும் பேச்செடுக்காதே, இன்னும் நம்மிடம் கணக்குக் கேட்பார்கள்.

சரி, கயல். அந்தத் தொழிற்சாலை ஷாப் ஃப்ளோரில் அவள் ஒருத்திதான் பெண் என்று எழுதியிருந்தாய். லாக் புக்கை ஒளித்து வைக்கிறார்கள், அவள் எடுத்த ரீடிங்கை இன்னொருவரை விட்டு மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள், சாப்பாட்டு மேசைக்கு அவள் வந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். நீ அவளிடம், "ரெண்டு வருஷம் வாயைத் திறக்காதே, வேலையில் காட்டு, தானாக அடங்கிவிடுவார்கள்" என்று சொன்னாய். அந்த வரியைப் படித்தபோது சரியாகத்தான் பட்டது. நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். போன வாரம் வரைக்கும்.

போன வாரம் என்ன நடந்தது என்றால், பேத்தி பள்ளிக்கூடத்தில் ஏப்ரல் 15ஆம் தேதியைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். வருஷா வருஷம் அந்த நாளில் இங்கே பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீக் ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் 42 என்ற ஒரே எண் போட்ட சட்டையில் ஆடுவார்கள். மற்ற நாளில் அந்த எண்ணை ஒருவரும் போடக் கூடாது. 1997இல் எல்லா அணிகளிலும் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே போட்டிருந்தவர்கள் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவர்களில் கடைசி ஆளான மரியானோ ரிவேராவும் 2013இல் ஆட்டத்தை விட்டார். அந்த 42 ஜாக்கி ராபின்சனுடையது. 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக இறங்கினார். அறுபது வருஷத்துக்கு மேல் கறுப்பர் ஒருவரையும் சேர்க்காத ஆட்டத்தில் அவர்தான் முதலில் கால் வைத்தார். அப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை, ஜெயா. முதலாளிகளுக்குள் ஒரு வாய்ப்பேச்சு, அவ்வளவுதான். 1884இல் டொலிடோ அணியில் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பர் ஆடியிருக்கிறார். அவருக்குப் பிறகு கதவைச் சாத்திவிட்டு, சாத்தியதையே சொல்லாமல் இருந்துவிட்டார்கள்.

பேத்தியைக் கூட்டிக்கொண்டு இங்கே நகரத்திலேயே இருக்கும் நீக்ரோ லீக் மியூசியத்துக்குப் போனேன். கறுப்பர்கள் தங்களுக்கென்று தனியாக நடத்திய பேஸ்பால் லீக்குகளைத்தான் அப்படிச் சொல்வார்கள். பதினெட்டாம் தெருவும் வைன் தெருவும் சேரும் இடம். உள்ளே நுழைந்ததும் ஒரு சின்ன மைதானம், அந்த லீக் ஆட்டக்காரர்களின் ஆளுயர வெண்கலச் சிலைகள், பந்து எறிகிற இடத்தில் சாச்சல் பெய்ஜ், மட்டைக்குப் பின்னால் குந்தியபடி ஜாஷ் கிப்சன். ஆனால் உனக்கும் அவர்களுக்கும் நடுவில் கம்பி வலை. அந்தக் காலத்தில் கறுப்பர்கள் வலைக்குப் பின்னால் இருந்துதான் ஆட்டம் பார்க்க வேண்டியிருந்தது, அதனால் அப்படி அமைத்திருக்கிறார்கள். கூடம் முழுக்கச் சுற்றி, கதை முழுக்கப் படித்து முடித்தால்தான் மைதானத்துக்குள் போக வழி. பேத்தி ஒவ்வொரு திருப்பத்திலும் "இப்போ போகலாமா பாட்டி?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு அந்தக் கேள்வி என்னவோ செய்தது.

அங்கேதான் ராபின்சன் கதையை முழுசாகத் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து நூலகத்தில் இருந்தும் எடுத்துப் படித்தேன். இவர் கிண்டல் செய்கிறார், நம் செமஸ்டருக்குக்கூட நான் இப்படிப் படித்திருக்க மாட்டேனாம்.

நான் நினைத்திருந்தது வேறு. பொறுமைசாலி, சாந்த சொரூபி, அதனால் தேர்ந்தெடுத்தார்கள் என்று. அப்படியே இல்லை. 1944இல் ராணுவத்தில் லெஃப்டினன்டாக இருந்தபோது, டெக்சாஸில் பஸ்ஸில் பின்னால் போய் உட்காரச் சொன்ன டிரைவரிடம் முடியாது என்றவர். அதிலிருந்து வளர்ந்த தகராறில் ராணுவ நீதிமன்றம் வரை இழுத்தார்கள். அங்கேயும் நின்று வாதாடி விடுதலை ஆனார். அதாவது நம் கயல் மாதிரி. சுருக்கென்று பேசிவிடுகிற ஆள்.

அந்த ஆளைத்தான் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி 1945 ஆகஸ்ட் 28 அன்று தன் அறைக்குக் கூப்பிட்டார். மூன்று மணி நேரம் போல நடந்த சந்திப்பு. ரிக்கி தானே ஹோட்டல் குமாஸ்தாவாக, எதிரணி ஆட்டக்காரனாக நடித்து, முகத்துக்கு நேரே திட்டிக் காட்டினாராம். இதையெல்லாம் கேட்டும் திருப்பிக் கொடுக்காமல் இருக்கிற துணிச்சல் உனக்கு இருக்கிறதா என்று கேட்டார். ராபின்சன் ஒப்புக்கொண்டார். மூன்று வருஷம்.

முதல் வருஷம் கனடாவில், டாட்ஜர்ஸின் கீழ்நிலை அணியான மாண்ட்ரியலில் போனது. அந்த ஊர் ஜனங்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். மறு வருஷம்தான் சோதனை. அவர் இறங்கி ஒரு வாரத்தில் பிலடெல்பியா அணி புரூக்ளினுக்கு ஆட வந்தது. அதன் மேனேஜர், அதாவது மைதானத்தில் அணியை நடத்துகிறவர், பென் சாப்மன், தன் ஆட்களையும் சேர்த்துக்கொண்டு, அவர் மட்டை பிடித்து நிற்கும்போதெல்லாம் வாயில் சொல்லக்கூடாத வார்த்தைகளைக் கத்தினார். அன்றைக்குத்தான் உடைந்து போவதற்கு மிக அருகில் போனதாக ராபின்சனே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அவர் வாயைத் திறக்கவில்லை. எட்டி ஸ்டேங்கி என்று அவருடைய அணிக்காரர் ஒருவர், ஆரம்பத்தில் இவரைச் சேர்த்ததையே விரும்பாதவர், அவர்தான் கடைசியில் தாங்க முடியாமல், பதில் சொல்லக்கூடியவனிடம் உங்கள் வாயைக் காட்டுங்கள் என்று எதிரணியைப் பார்த்துக் கத்தினார்.

இதுவரைக்கும் நீ சொன்னதுதானே நடந்தது என்பாய். பொறுத்தார், மனசு மாறியது. இங்கேதான் நீ கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். அடுத்த மாதம் பத்திரிகைகள் சாப்மனைக் கிழித்தெடுத்ததும், சமாதானமாகிவிட்டோம் என்று ஊருக்குக் காட்ட ஒரு போட்டோ தேவைப்பட்டது. அதற்கும் ராபின்சன்தான் போய் நிற்க வேண்டியிருந்தது. இரண்டு பேரும் ஒரே மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தேன். திட்டியவனின் வேலையைக் காப்பாற்றிக் கொடுக்கிற பொறுப்பும் திட்டு வாங்கியவன் தலையிலேயே விழுந்திருக்கிறது. கயலிடமும் நாளைக்கு யாராவது, "மனசில் வைத்துக்கொள்ளாதே, வந்து கை கொடு" என்பார்கள். அப்போது நீ என்ன சொல்வாய்?

இன்னொன்று. அந்த மூன்று வருஷத்துக்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது. 1949இல் ரிக்கி, இனி உன் இஷ்டம் என்று விட்டுவிட்டார். அந்த வருஷம் அவர் ஆடியதைப் பார்: பேட்டிங் சராசரி .342, அதாவது ஆயிரம் தடவைக்கு 342 தடவை பந்தை அடித்து பேஸுக்குப் போகிற கணக்கு, லீக்கிலேயே முதலிடம். திருடிய பேஸ், அதாவது பந்து அடிபடாமலே ஓடிப்போய்ப் பிடித்த அடுத்த பேஸ், 37, அதிலும் முதலிடம். அந்த வருஷத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. பேசவிட்ட வருஷம்தான் அவருடைய உச்சமான வருஷம். பேசியதால்தான் நன்றாக ஆடினார் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் வாயைக் கட்டினால்தான் வேலை நடக்கும் என்று யாரும் அவரைக் காட்டிப் பேசக் கூடாது. அதற்குப் பிறகு அம்பயரிடம் வாதாடினால், முதல் இரண்டு வருஷம் புகழ்ந்த அதே பத்திரிகைகள் கோபக்காரன், நன்றி கெட்டவன் என்கிற தொனியில் எழுத ஆரம்பித்தன. மௌனமாக இருந்தவரைத்தான் அவர்களுக்குப் பிடித்திருந்தது.

சரி, அந்த மூன்று வருஷத்திலாவது அவர் தனியாகவா நின்றார்? வீட்டில் மனைவி ரேச்சல் இருந்தார். ஊர் ஊராகக் கூடவே போன வெண்டெல் ஸ்மித் என்ற கறுப்பின நிருபர் இருந்தார். நிருபர்கள் உட்காரும் அறைக்குள் அவரையே விடமாட்டார்கள், டைப்ரைட்டரை மடியில் வைத்துக்கொண்டு பார்வையாளர் நடுவில் உட்கார்ந்து எழுதினார். மேலே ரிக்கி. செயிண்ட் லூயிஸ் ஆட்டக்காரர்கள் இவரோடு ஆட மறுக்கப் போவதாகப் பேச்சு வந்தபோது, மறுக்கிறவர்களை நீக்கிவிடுவேன் என்று நின்றார் லீக் தலைவர் ஃபோர்ட் ஃப்ரிக். இத்தனை பேர் சுற்றி நின்றபோதும் அந்த மௌனம் அவரைத் தின்றுவிட்டது. கயலுக்கு அங்கே யார் நிற்கிறார்கள், ஜெயா? அவளுடைய மேலதிகாரி எந்தத் தேதி வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்? ஒருவரும் கேட்காத பொறுமையை நீ அவளைக் கொடுக்கச் சொல்கிறாய்.

ராபின்சன் 53 வயதில் போய்விட்டார். சர்க்கரை, இருதயம், பார்வையும் கிட்டத்தட்டப் போய்விட்டது. தலை முழுக்க வெள்ளை. சாவதற்கு ஒன்பது நாளைக்கு முன், 1972 அக்டோபர் 15 அன்று, சின்சினாட்டியில் உலக சீரிஸ் என்கிற இறுதிப் போட்டித் தொடரின் ஆட்டத்தில் அவரைக் கௌரவித்தார்கள். மைக்கில் நன்றி சொல்லிவிட்டு, மேனேஜராக ஒரு கறுப்பு முகத்தை என்றைக்குப் பார்க்கிறேனோ அன்றைக்கு இன்னும் சந்தோஷப்படுவேன் என்றார். மாலை போடக் கூப்பிட்ட இடத்தில்! அவர் பார்க்கவில்லை. 1975இல்தான் கிளீவ்லேண்டில் ஃபிராங்க் ராபின்சன் அந்த நாற்காலிக்கு வந்தார்.

நமக்குப் பிடித்த ஆள் ஒருத்தி இந்தக் கதையில் இருக்கிறாள், சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. எஃபா மேன்லி. நியூவார்க் ஈகிள்ஸ் என்ற கறுப்பர் அணியைக் கணவரோடு சேர்ந்து நடத்தியவள். அதற்கு முன்பே ஹார்லெமில், கறுப்புப் பெண்களை வேலைக்கு எடுக்காத கடைகளுக்கு எதிராகப் போராட்டத்தில் இறங்கியவள். ரிக்கி நல்லவர்தான், ஆனால் ராபின்சனைக் கூட்டிப்போனபோது அவர் ஆடிக்கொண்டிருந்த கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை. எஃபாவின் ஆட்களையும் அப்படியே எடுக்கப் பார்த்தபோது அவள் சும்மா இருக்கவில்லை. அதே 1947 ஜூலையில், ராபின்சன் வந்து மூன்று மாதம் முடிவதற்குள், கிளீவ்லேண்ட் அணி லாரி டோபியை அவளிடம் இருந்து எடுத்தபோது பேரம் பேசி 15,000 டாலர் வாங்கினாள். வெள்ளைக்காரப் பையனாக இருந்தால் எவ்வளவு கொடுத்திருப்பீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டும் இருக்கிறாள். பேஸ்பாலில் சாதித்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற ஒரே பெண் அவள்தான், அதுவும் 2006இல், இறந்து 25 வருஷம் கழித்து. கயலுக்கு எஃபாவின் படம் ஒன்று தனியாக அனுப்புகிறேன். தொப்பியும் முத்துமாலையுமாக என்ன கம்பீரம்!

டோபியைப் பற்றி உலகம் அவ்வளவாகப் பேசுவதில்லை. இரண்டாவது ஆள் இல்லையா. அவருக்கு மாண்ட்ரியல் மாதிரி பழக ஒரு வருஷம் கிடைக்கவில்லை, நியூவார்க்கில் இருந்து நேரே கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். முதல் நாள் அணி அறையில் அறிமுகப்படுத்தியபோது சிலர் கை கொடுக்கவில்லை. கயலுக்குப் பிறகு அந்த ஷிஃப்டில் இன்னொரு பெண் வருவாள். அவளையும் நினைத்துக்கொள்.

கடைசியில் வலையைத் தாண்டி மைதானத்துக்குள் போனோம். பேத்தி நேரே ஜாஷ் கிப்சன் சிலையிடம் ஓடி, பக்கத்தில் அவரைப் போலவே குந்தி உட்கார்ந்தாள். கிப்சன் 1947 ஜனவரி 20 அன்று செத்துப்போனார், 35 வயதில். ராபின்சன் இறங்குவதற்கு மூன்று மாதம்கூட இல்லை. 2024இல் கறுப்பர் லீக் கணக்குகளையும் மேஜர் லீக் ஏட்டில் சேர்த்தபோது, வாழ்நாள் பேட்டிங் சராசரியில் அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப் என்ற ஆட்டக்காரரின் .367ஐத் தாண்டி .372 என்று கிப்சன் பெயர் முதலில் வந்து நின்றது. பேத்தியிடம் அதைச் சொன்னேன். "அவருக்கு யார் போய்ச் சொன்னார்கள்?" என்றாள்.

இப்போது சொல்கிறேன், கேள். கயலைச் சண்டைக்கு அனுப்பச் சொல்லவில்லை. ஒரு நோட்டு வாங்கிக் கொடு. தேதி, நேரம், யார், என்ன என்று அன்றன்றைக்கு எழுதட்டும். லாக் புக் காணாமல் போனால் அன்றைக்கே மேலதிகாரிக்கு மெயில் போகட்டும். அங்கே ஸ்டேங்கி மாதிரி ஒருவராவது இருப்பார், அவர் யார் என்று கண்டுபிடிக்கச் சொல். ராத்திரி வீட்டுக்கு வந்தால், "பொறுத்துக்கோ" என்று நீ சொல்வதற்கு முன்னால் அவள் முழுசாகச் சொல்லி முடிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை உங்கள் காலை நேரத்தில் நான் கூப்பிடுகிறேன், போனை அவளிடம் கொடு. நீ பக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுக்காதே, எஸ்தர் மிஸ் மாதிரி.

அப்புறம், அடுத்த தடவை யாராவது வந்தால் நார்த்தங்காயோடு கொஞ்சம் மோர் மிளகாயும் கொடுத்தனுப்பு.

உன்,
வசந்தா