நைனாவின் வால்வுகளை எடைக்குப் போடாதே

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியும் பேரனும் நலம்தானே? கோயம்புத்தூர்த் தண்ணியில் நீ கொஞ்சம் நிறம் ஏறியிருக்கிறாய் என்று உன் தம்பி சொன்னான். நம்பவில்லை, போட்டோ அனுப்பு.

கடையைக் காலி செய்யப் போகிறாயாமே. வாடகை ஏறியிருக்கிற ஏற்றத்துக்கு வெறும் பூட்டுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்க முடியாது, சரி. ஆனால் நைனாவின் வால்வுகளை, பழைய ரேடியோவிலும் ஆம்ப்ளிஃபயரிலும் எரிகிற அந்தக் கண்ணாடிக் குழல்களை, மொத்தமாக ஒரு ஆளுக்குக் கொடுக்கப் போகிறாய் என்றும், அவர் ‘முல்லார்டு, டெலிஃபங்கன் மட்டும் தனியாக எடுத்து வையுங்கள், மீதியை எடைக்குப் போட்டுவிடலாம்’ என்றார் என்றும் கேட்டதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. முல்லார்டும் டெலிஃபங்கனும் வெளிநாட்டுச் சரக்கு, அந்த மீதி பூராவும் பெங்களூர் பெல், நம் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். நாம் வளர்ந்ததே அந்தச் சத்தத்தில்தான் சேகர். அங்காளம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு நைனா கட்டிய கூம்பு ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் இருந்தது எந்த வால்வு?

உன் தம்பியிடம் சொல்லிவிட்டு ஒரு அட்டைப்பெட்டியைத் தண்டையார்பேட்டைக்கு எடுத்து வந்துவிட்டேன். கோபப்படாதே, கணக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினேன். திறந்து பார்த்தால் ஸ்பீக்கரை ஓட்டுகிற இ.எல்.84 வால்வு எல்லாம் ஜோடி ஜோடியாக. ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் நைனா நீலப் பென்சிலில் எண் எழுதியிருக்கிறார்: 47, 48, 46, 46. மில்லி ஆம்பியர். ஒரே கரண்ட் இழுக்கிற இரண்டைத் தேடிப் பிடித்து ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறார். ரப்பர் உருகி அட்டையோடு ஒட்டிக்கிடக்கிறது, எண் மட்டும் அழியவில்லை. கோயிலுக்கு மைக் செட் கட்டுகிற மனுஷன், யாரும் கேட்காமல், இப்படி அளந்து வைத்திருக்கிறார்.

அன்றைக்கே நம் ‘தோசைக்கல்’ ஆம்ப்ளிஃபயரைப் பரணிலிருந்து இறக்கினேன். அதில் முன்னால் சிக்னலைப் பெருக்குகிற இ.சி.சி.83, பின்னால் இ.எல்.84 புஷ்-புல், அதாவது இரண்டு வால்வு மாறி மாறி இழுக்கிற ஜோடி என்பது உனக்குத் தெரியும். கடல் காற்றில் சாக்கெட் பின்னெல்லாம் பச்சை பூத்திருந்தது, சுத்தம் செய்தேன். ஒரு வால்விலிருந்து அடுத்ததற்குச் சிக்னலை மட்டும் விடுகிற கப்பிளிங் கண்டென்சர் நாலையும் மாற்றினேன். இதை நீயும் கவனி: பழைய பேப்பர் கண்டென்சர் கசிய ஆரம்பித்தால் அடுத்த வால்வில் கரண்டைக் கட்டுப்படுத்துகிற கிரிட்டுக்குப் பாசிட்டிவ் வோல்டேஜ் போய்விடும், கரண்ட் ஏறும், பிளேட் சிவக்கும். இ.எல்.84-இன் பிளேட் தாங்குவது 12 வாட்தான். நல்ல வால்வைக் கெட்ட செட்டில் போட்டுக் கொன்றுவிட்டு வால்வைக் குறை சொல்லக் கூடாது. இன்னொன்று, கரண்டை நிறுத்தினாலும் ஃபில்டர் கண்டென்சரில் 300 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்காமல் உள்ளே கை வைக்காதே. ‘கரண்ட்’ கணேசனை நினைத்துக்கொள்.

அப்புறம் ஒப்பிட உட்கார்ந்தேன். ஒரு பக்கம் முல்லார்டு ஜோடி, ஒரு பக்கம் நைனா சேர்த்த பெல் ஜோடி, மூன்றாவதாக ஸ்லோவாக்கியாவில் இப்போதும் செய்கிற ஜேஜே. ஆயிரம் ஹெர்ட்ஸ் டோன் கொடுத்து, ஸ்பீக்கர் முனையில் மீட்டர் வைத்து, ஒவ்வொரு ஜோடிக்கும் வால்யூமை ஒரே வோல்டேஜுக்குக் கொண்டுவந்தேன். இதைச் செய்யாமல் பேசுகிற பேச்செல்லாம் வீண். அரை டெசிபல் ஏறி ஒலித்தால் காது அதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்வதில்லை, தெளிவு என்றுதான் எடுத்துக்கொள்ளும். செட்டின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டேன். எது உள்ளே இருக்கிறது என்று சுமதிக்கு மட்டும்தான் தெரியும். மாற்றி, சூடேறி, மறுபடி கேட்பதற்குள் காதுக்கு ஞாபகம் நழுவிவிடும் என்பதால் ஒரே ரெக்கார்டில் ஒரே இடம்: ஒரு நாகசுரம், அப்புறம் சுசீலா அம்மா குரல்.

நாகசுரத்தில் ஜேஜேவைக் கண்டுபிடித்துவிட முடிந்தது, அடிச்சத்தம் கொஞ்சம் கனமாக நின்றது. முல்லார்டையும் பெல்லையும் என்னால் பிரிக்க முடியவில்லை சேகர். சுசீலா அம்மா குரலில் ஒன்று மட்டும் இன்னும் குழைவாக இருக்கிறது என்று தோன்றியது, முல்லார்டு என்று சொன்னேன். அதுவும் முல்லார்டுதான். சரி, விலைக்கு ஏற்ற சரக்கு என்று விட்டிருப்பேன், நைனாவின் பென்சில் எண் விடவில்லை. அந்த முல்லார்டு ஜோடியை அளந்தேன். ஒன்று 49, இன்னொன்று 38.

விஷயம் புரிகிறதா? புஷ்-புல்லில் இரண்டு வால்வும் சமமாக இழுத்தால் வால்வு தானாகச் சேர்க்கிற இரட்டைப்படை ஹார்மானிக் (மூலச் சத்தத்தின் இரண்டு, நாலு மடங்கில் வருகிற துணைச் சத்தம்) எல்லாம் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மரில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். சமமாக இல்லாவிட்டால் இரண்டாம் ஹார்மானிக் மிச்சம் நிற்கும். குரலுக்கு ஒரு ஸ்தாயி மேலே இருப்பதால் அது காதுக்கு இதமாகத்தான் இருக்கும். எனக்குக் குழைவாகக் கேட்டது அந்த மிச்சம் என்று நினைக்கிறேன். உறுதிப்படுத்த நைனாவின் டப்பாவிலிருந்து வேண்டுமென்றே சேராத இரண்டு பெல்லை எடுத்துப் போட்டுக் கேட்டேன். அதே குழைவு! சுமதியும் ஒத்துக்கொண்டாள். இந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? உன்னை விட்டால் ஆள் இல்லை.

முன்னால் இருக்கிற இ.சி.சி.83 கதை வேறு. அது சின்ன சிக்னலை நூறு மடங்கு வரை பெருக்குகிற இடம், அங்கே வால்வுக்கு வால்வு வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. டெலிஃபங்கன் ஒன்றுதான் கிடைத்தது, அடியில் பின்களுக்கு நடுவே கண்ணாடியில் வைரக்குறி இருக்கிறதே, அதுதான். கப்சிப் என்று இருக்கிறது, ரெக்கார்டு சுற்றுகிற சத்தம்தான் கேட்கிறது. முல்லார்டு இரண்டில் ஒன்றைப் பென்சிலால் தட்டினால் ஸ்பீக்கரில் ‘டிங்’ என்று மணி அடிக்கிறது. பெல்லில் நாலு நல்லது, ஒன்றில் இரைச்சல், ஒன்றில் உள்ளே பெருக்குகிற இரண்டு பாதியும் (ட்ரையோடு) சமமாக இல்லை. ஆக, பெயரைப் பார்த்து எடுத்திருந்தால் மணி அடிக்கிற முல்லார்டு மேலே போயிருக்கும், நல்ல பெல் நாலும் தராசுக்குப் போயிருக்கும்.

பெல் ஒன்றும் யாரோ ஒருவன் கொட்டகையில் ஊதிய சரக்கு இல்லை. 1954-இல் ஆரம்பித்த அரசு கம்பெனி, பிலிப்ஸ் தொழில்நுட்பத்தோடு வால்வு செய்தது. முல்லார்டும் பிலிப்ஸ் குடும்பம்தான். முல்லார்டுக்கு இன்றைக்கு உலகம் பூராவும் ஆள் இருக்கிறது, அதன் பிளாக்பர்ன் ஃபாக்டரி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நம் ஊர்க் கோயிலிலும் சர்ச்சிலும் கல்யாண மண்டபத்திலும் ராப்பகலாக உழைத்த பெல்லை நாமே மதிக்கவில்லை என்றால் யார் மதிப்பார்கள்? மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தபோது எவ்வளவு ரேடியோ சாமான் போனது என்று நைனா சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அது நெருப்பு, தடுக்க முடியவில்லை. இதை நாமே செய்யலாமா?

அதனால் நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். அந்த ஆளிடம் இப்போதைக்கு எதுவும் பேசாதே. டப்பாவையும் வால்வையும் பிரிக்கவே கூடாது, எண் டப்பாவில்தான் இருக்கிறது. கண்ணாடி மேலே வெள்ளி போல மினுக்குகிற இடம் பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, அதை மட்டும் தூக்கிப் போடலாம். முல்லார்டைத் துணியால் துடைக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல். எழுத்து விரல் பட்டாலே அழியும், பிறகு வாங்குபவன் போலி என்பான். அடிப்பக்கம் கண்ணாடியில் சின்னதாகப் பதித்திருக்கிற குறியீடு அழியாது, பிளாக்பர்ன் என்றால் ‘B’ எழுத்தில் ஆரம்பிக்கும், அதைப் பார்த்து எழுதி வைத்தால் போதும். முல்லார்டையும் டெலிஃபங்கனையும் விற்றுக்கொள், நல்ல விலை கிடைக்கும், உன் மகனும் சும்மா இருப்பான். பெல்லை எனக்கு விடு. அளந்து, ஜோடி சேர்த்து, வால்வு செட் வைத்திருக்கிற நம் ஆட்களுக்கு நியாயமான விலையில் கொடுத்துப் பணத்தை உனக்கு அனுப்புகிறேன்.

மற்றபடி ஊர் அப்படியே இருக்கிறது. கல்மண்டபம் பக்கம் தோண்டிய பள்ளம் மூடவில்லை. ஜான்சனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது எங்கள் எல்லோருக்கும் வயதாகிவிட்டது என்று கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறான். உன் தம்பி ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறான், நானும் சுமதியும் போய்ப் பட்டியல் போடுகிறோம். நைனாவின் வால்வு டெஸ்டர் மேல் அலமாரியில் இருக்கிறதா, இல்லை நீ கொண்டுபோய்விட்டாயா? சனிக்கிழமைக்குள் போன் செய்து சொல்.

அன்புடன்,
ரவி