முகிலனுக்கு, 'வேப்பர் டிரெயில்ஸ்' பற்றி

அன்புள்ள முகிலா,

இரண்டு வாரமாக நீ போனை எடுக்கவில்லை. வேலை இருக்கும். நந்தினி எடுத்தாள், நீ குளிக்கப் போயிருப்பதாகச் சொன்னாள். மூன்று தடவையும் அதையேதான் சொன்னாள். பரவாயில்லை. சாப்பாட்டை மட்டும் விடாதே.

இங்கே சொல்லும்படி ஒன்றுமில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் சிடிப் பெட்டியைத் துடைத்து அடுக்கும்போது கனடாவின் ராக் குழு ரஷ்ஷின் 'வேப்பர் டிரெயில்ஸ்' கையில் வந்தது. 2002இல் வந்த ஆல்பம். அன்றைக்கு நீ பாதியிலேயே அணைத்துவிட்டு, "காது வலிக்குதும்மா" என்றாய். நானும், இவர்கள் காலம் முடிந்தது என்று சொல்லி மூடிவைத்தேன். இந்த மாதம் அதை ஒன்பது முறை கேட்டுவிட்டேன், 2013இல் டேவிட் பாட்ரில் தனித்தனித் தடங்களை மறுபடி சேர்த்து மிக்ஸ் செய்த பதிப்போடு பக்கத்தில் வைத்து. இதை உன்னிடம்தான் பேச முடியும்.

உன் காது அன்றைக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. முதல் பாட்டு 'ஒன் லிட்டில் விக்டரி'யைச் சிடியிலிருந்து வேவ் கோப்பாக எடுத்து ஆடாசிட்டி மென்பொருளில் திறந்து பார். எம்பி3 வேண்டாம், சுருக்கி விரிக்கையில் உச்சங்கள் மாறிவிடும். கிளிப்பிங்கை, அதாவது உச்சத்தில் அலை வெட்டுப்பட்ட இடங்களைக் காட்டும் வசதியை 'வியூ' மெனுவில் போட்டதும் திரை சிவந்துபோகும். சிடியின் 16 பிட்டில் ஒரு சாம்பிள், அதாவது ஒரு கணத்தில் அளந்த அலையின் உயரம், தொடக்கூடிய உச்சம் 32,767. அதற்கு மேல் எண்ணே கிடையாது. அலை அதைத் தாண்டப் பார்த்தால் தலை சீவப்பட்டுவிடும். பெரிதாக்கினால் கோபுரம் இருக்கவேண்டிய இடத்தில் மொட்டை மாடிதான் தெரியும். அப்படித் தட்டையான ஒவ்வோர் இடத்திலும் யாரும் வாசிக்காத மேல் அதிர்வெண்கள் முளைக்கும். சிம்பலோடு சேர்ந்து வரும் மணல் அரைக்கிற சத்தம் அதுதான். ஒலியளவைக் குறைத்தாலும் போகாது, சிதைவு எண்ணுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்பது உனக்குத் தெரியும். ஒரே பாட்டை ஒரு டெசிபெல் கூட்டி வைத்தாலே காது அதைத்தான் நல்லது என்கிறது. அந்த வருடங்களில் ஒவ்வொரு சிடியும் பக்கத்துச் சிடியைவிடச் சத்தமாக இருக்க வேண்டும் என்று ஓடினார்கள். குழுவின் கிட்டார்காரர் லைஃப்சனே பின்னாளில் அது ஒரு போட்டியாகிவிட்டது, சிடிக்குப் போகும் முன் செய்யும் கடைசி ஒலி வேலையான மாஸ்டரிங்கில் அளவு மீறிவிட்டது என்று ஒப்புக்கொண்டார்.

எனக்கு அதிகம் வலித்தது டிரம்ஸ். ஸ்னேர் டிரம்மில் விழும் அடியின் உயிர் முதல் சில மில்லி விநாடிகளில் இருக்கிறது. சத்தம் எல்லை தாண்டாமல் பிடிக்கும் லிமிட்டர் முதலில் அமுக்குவது அதைத்தான். அமுக்கிவிட்டு மொத்தத்தையும் தூக்கிவிட்டால் ஓங்கி அடித்ததும் ஓரமாகத் தட்டியதும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். அவர்களின் டிரம்மர் நீல் பியர்ட் மாதிரி ஒருவருக்கு இதைச் செய்வது, எழுத்தில் இருக்கும் புள்ளிகளை எல்லாம் அழித்துவிட்டு வாசி என்பது போல. 'ஒன் லிட்டில் விக்டரி' இரட்டை பேஸ் டிரம்மோடு தனியாகத் தொடங்குகிறதே, கிட்டார் நுழைவதற்கு முன்னால் வரும் அந்தக் கொஞ்ச நேரத்தை மட்டும் இரண்டு பதிப்பிலும் மாற்றி மாற்றிக் கேள். 2013இல் கால் விழுவதும் எழுவதும் கேட்கிறது.

கேட்பதற்கு முன் இரண்டையும் லவுட்னஸ் நார்மலைசேஷனில் போட்டு மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் என்ற ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிடு. அளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிட்டால் சத்தமானதுதான் ஜெயிக்கும். இரவு ஹெட்போனில் கேட்காதே. 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம்தான் காது தாங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். களைத்த காது சத்தத்தைக் கூட்டத்தான் சொல்லும்.

பழியை எல்லாம் மாஸ்டரிங் மேல் போட்டுவிடவும் முடியாது. 1975க்குப் பிறகு கீபோர்டே இல்லாமல் அவர்கள் செய்த முதல் ஆல்பம் இது. கீபோர்டு இருந்த இடத்தை நிரப்பக் கிட்டார் மேல் கிட்டாராக அடுக்கினார்கள். பாடகர் கெடி லீ தன் குரலையும் அப்படியே அடுக்கினார். ஒத்திகையாக வாசித்துப் பதிந்த பல பகுதிகளைத் திருப்பி வாசிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். நடு அதிர்வெண்ணில் எல்லோரும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். 13 பாட்டு, 67 நிமிடம். இரண்டு மூன்று பாட்டைக் குறைத்திருக்கலாம் என்று இப்போதும் சொல்வேன், நீ ஒப்புக்கொள்ள மாட்டாய்.

தட்டையான அலையைச் சரிசெய்யும் மென்பொருள் இருக்கிறது. ஆனால் அது போன தலையைக் கொண்டுவராது, இப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து வரைந்து ஒட்டும். அதனால்தான் மூலத் தடங்களுக்கே போக வேண்டியிருந்தது. 2009இல் ஒரு தொகுப்புக்காக 'ஒன் லிட்டில் விக்டரி'யையும் 'எர்த்ஷைன்'ஐயும் மட்டும் மறுபடி மிக்ஸ் செய்து பார்த்தார்கள். முழு ஆல்பத்துக்கும் இன்னும் நான்கு வருடம் ஆனது. 'சீக்ரெட் டச்' நடுவில் பேஸ் கிட்டார் தனியாக நடக்கும் இடத்தைக் கேள், அங்கே ஓர் அறை இருப்பதே இப்போதுதான் தெரிகிறது. உன் காது என் காதைவிட நல்ல காது, நான் தவறவிட்டதும் உனக்குக் கேட்கும். இரவில் வேண்டாம், காலையில் கேள்.

'கோஸ்ட் ரைடர்' பாட்டைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். 1997 ஆகஸ்டில் பியர்ட்டின் மகள் கார் விபத்தில் போனாள். பதினோரு மாதத்துக்குள் மனைவியும் போனார். தன்னை ஓய்வு பெற்றவனாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளில் 88,000 கிலோமீட்டர் சுற்றினார். மூன்றரை வருடத்துக்குப் பிறகு, 2001 ஜனவரியில், டொராண்டோவில் மூவரும் மறுபடி சேர்ந்தார்கள். அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை. பதிவு முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அப்படி வந்த ஆல்பத்தைத்தான் நான் காலம் முடிந்தது என்றேன்.

அந்தப் பாட்டின் வரிகளை எழுதியவரும் டிரம்ஸ் வாசித்தவரும் ஒரே ஆள், முகிலா. சிதைந்த பதிப்பிலும் அவர் அங்கேதான் இருந்திருக்கிறார். நான் சிதைவை மட்டும் கேட்டேன்.

நீ மாசியில் அனுப்பிய பாட்டுக்கு நான் ஒரு பக்கம் பதில் எழுதினேன். மூன்று இடத்தில் உச்சம் தொடுகிறது என்றேன். அடியில் ஓர் இரைச்சல் ஓடுகிறது, நிமிடத்துக்கு 150 துடிப்பு, தாளத்தோடு ஒட்டவில்லை, ஃபில்டர் போட்டு வெட்டிவிடு என்றேன். எண்ணிப் பார்த்து எழுதினேன். அது ஸ்கேன் அறையில் நீ போனில் பதிந்தது என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் நந்தினி சொன்னாள். நாற்பது வருடம் ஒலியோடு வேலை செய்தவள் நான். பேரக்குழந்தை சத்தத்தை எண்ணி எழுதியிருக்கிறேன், என்னவென்று தெரியவில்லை. நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்லை, நீ சொல்ல வேண்டியதில்லை. பாட்டு எப்படி இருந்தது என்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

நன்றாக இருக்கிறது. இரண்டாவது சரணத்தில் கிட்டாரை நிறுத்திவிட்டு அதை மட்டும் நான்கு விநாடி விட்டாயே, அந்த இடத்தைத் தாண்டி என்னால் இப்போது கேட்க முடியவில்லை.

என் பேச்சைக் கேட்டு அதை வெட்டியிருந்தால் பயப்படாதே. நீ அனுப்பிய கோப்பு அப்படியே என்னிடம் இருக்கிறது, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், நான் எதையும் தொடவில்லை. ஹார்ட் டிஸ்கில் ஒன்று, அப்பாவின் கம்ப்யூட்டரில் ஒன்று, நேற்று ஒரு பென் டிரைவிலும் போட்டுப் பீரோவில் வைத்துவிட்டேன். எப்போது கேட்டாலும் அனுப்புகிறேன். போன் செய்துதான் கேட்க வேண்டும் என்றில்லை, மெசேஜ் போட்டாலே போதும்.

சாப்பிடு.

அம்மா