பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருவது களப்பயிற்சி ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தர்மபுரி மாவட்டத்தில் விவசாயிகளுக்கு ஆழ்துளைக் கிணறு போட இடம் பார்த்துச் சொல்வது என் தொழில். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கல்லூரிச் சேர்க்கை நடக்கும் இந்த நேரத்தில், நான் படித்த நிலவியல் படிப்பைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்று எழுதுகிறேன்.

சென்ற கோடையில், எம்.எஸ்சி. ஜியாலஜியை முதல் வகுப்பில் முடித்த ஒரு தம்பி என்னிடம் வேலைக்குச் சேர்ந்தார். அவரை அழைத்துக்கொண்டு அரூர் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். தோட்டக்காரப் பெரியவர் ஏற்கெனவே இரண்டு போர் போட்டு, இரண்டிலும் புழுதிதான் வந்திருந்தது. செல்போனில் சிக்னல் இல்லை. டோப்போஷீட்டை, அதாவது மேடு பள்ளம் ஓடை எல்லாம் காட்டும் நில வரைபடத்தை விரித்து, "நாம எங்க நிக்கிறோம்னு காட்டுங்க தம்பி" என்றேன். வெகுநேரம் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார். தோட்டத்தின் குறுக்கே கறுப்பு உருண்டைக் கற்கள் ஒரே வரிசையில் நீளமாகக் கிடந்தன. வரைபடத்தில் அது ஒடுக்கமான கரடாக, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளில் தெளிவாகத் தெரிகிறது. டோலரைட் டைக், பூமிக்கடியிலிருந்து பிளவில் ஏறி இறுகிய கறும்பாறை. நிலத்தடி நீரோட்டத்துக்குக் குறுக்கே சுவர் வைத்ததுபோல் நிற்பது. பெரியவர் போட்ட இரண்டு போரும் அதன் கீழ்ப்புறம். மேல்புறம் போட்ட மூன்றாவதில் தண்ணீர் கிடைத்தது. டைக் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவர்தான் அந்தத் தம்பி. காலடியில் கிடந்தபோது அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கல்லூரியில் களப்பயிற்சி மொத்தம் மூன்று நாள். சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்று, சாத்தனூர் கல்மரத்தின் முன் குரூப் போட்டோ, திரும்பி வந்து சீனியர்களின் ரெக்கார்டைப் பார்த்து அறிக்கை. ஒரு சதுர கிலோமீட்டரைக்கூட அவர் கையால் வரைந்ததில்லை.

1994-ல் எங்களைக் காரை என்ற ஊருக்குக் களப்பயிற்சிக்கு அழைத்துப் போனார்கள். பெரம்பலூருக்குத் தெற்கே, மழை அறுத்துப்போட்ட களிமண் மேடுகள். வெயில் ஏறினால் ஜிப்சம் தகடுகள் கண்ணாடிச் சில்லாக மின்னும். குனிந்தால் தோட்டா வடிவப் பெலம்னைட், கணவாய் போன்ற பழங்காலக் கடல் உயிரியின் புதைபடிவம், கையில் கிடைக்கும். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல். முதல் நாள் காலை பேராசிரியர் டோப்போஷீட்டைக் கொடுத்து, நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறிக்கச் சொன்னார். நான் மூன்று சென்டிமீட்டர் தள்ளிக் குறித்தேன். 1:50,000 அளவில் அது ஒன்றரை கிலோமீட்டர் பிழை. அவர் திட்டவில்லை. கூடவே ஓடை வரை நடந்து வந்து, சமஉயரக் கோடுகள் ஓடையைத் தாண்டும் இடத்தில் மேட்டுப் பக்கமாக வளைந்து போவதை நேரில் காட்டினார்.

அதே பயிற்சியில், கருடமங்கலம் என்ற ஊரில் சிப்பிகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை. பார்த்தால் சமதரையாகத்தான் இருக்கும். பேராசிரியர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பாறைமேல் கொஞ்சம் ஊற்றினார். தண்ணீர் சற்றுத் தயங்கிக் கிழக்கே நகர்ந்தது. "அது போற திசைதான் டிப், பாறை சாயுற பக்கம். அதுக்குக் குறுக்கே கம்பாஸை வை, அந்தத் திசைதான் ஸ்டிரைக்" என்றார். அடுக்குகள் எல்லாம் கிழக்கே மெல்லச் சாய்ந்திருப்பதால், அந்தப் பக்கம் நடக்க நடக்க இளைய பாறைகளின் மேல் ஏறுகிறோம் என்று அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று நிலவியலாளர் பிளான்ஃபோர்டு 1862-ல் பிரித்து எழுதிய மூன்று பாறைப் பிரிவுகளை அதுவரை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அன்று காலால் தாண்டினேன்.

பன்னிரண்டு நாள் ஓர் அரசுப் பள்ளிக் கட்டடத்தில் தங்கினோம். பெண்கள் நான்கு பேர். என்னை அனுப்ப முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். பேராசிரியர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "மற்ற பாடம் எதை விட்டாலும் பரவாயில்லை, இதை விட்டால் உங்கள் பெண் ஜியாலஜி படித்ததாகவே ஆகாது" என்றார். பெண்களுக்குத் துணையாகத் தன் மனைவியையும் அழைத்து வந்தார். அப்பா சம்மதித்தார். தங்குமிடமும் கழிப்பறையும் சரியில்லை என்ற காரணத்துக்காக இன்று பெண் பிள்ளைகளை மாலைக்குள் ஊருக்குத் திருப்பி அழைத்து வந்துவிடும் கல்லூரிகள், முதலில் அந்த வசதியைச் செய்து தர வேண்டும்.

பணம் இல்லை என்பார்கள். பத்துப் பதினைந்து நாள் பள்ளி விடுமுறையில் ஒரு கட்டடத்தைத் திறந்துவிட மாவட்ட நிர்வாகத்துக்குப் பெரிய செலவு ஆகாது. டோப்போஷீட்டை இந்திய நில அளவைத் துறையின் இணையதளத்தில் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பேருக்கு ஒரு பகுதி என்று பிரித்துக் கொடுத்து, அவர்கள் நடந்து வரைந்த படத்துக்கும், வியர்வை பட்ட களக்குறிப்பேட்டுக்கும் மதிப்பெண் கொடுங்கள். தட்டச்சு செய்த அறிக்கைக்கு வேண்டாம். ஜி.பி.எஸ். தாராளமாக இருக்கட்டும். அது நிற்கும் இடத்தைச் சொல்லும், பாறை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லாது.

அந்தத் தம்பி இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் டோப்போஷீட்டும் சுத்தியலுமாக என்னோடு கரடு கரடாக ஏறுகிறார். போன மாதம் ஒரு டைக்கைத் தானாகவே கண்டுபிடித்து, படத்தில் சரியான இடத்தில் கோடு போட்டார். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் எந்தக் கல்லூரி மாணவர்களை அழைத்து வந்தாலும், எத்தனை நாளானாலும் கூட நடக்க நான் தயார். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
நிலத்தடி நீர் ஆய்வாளர் ஒருவர்,
தர்மபுரி.