மரவேலைச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய உள்ள ஆண்டின் செயல் அறிக்கையை இதன்மூலம் சமர்ப்பிக்கிறேன்.

செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் இரண்டு கூட்டம் வருகைக்குறைவால் டீயோடு முடிந்தது. ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது. உளி தீட்டும் பயிற்சி ஒரு ஞாயிறு நடந்தது. சாணையில் 25 டிகிரி, கல்லில் 30 டிகிரி என்பதை எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். முதுகுப் பக்கம் தட்டையாகாத உளியை எத்தனை நாள் தீட்டினாலும் கூர் நிற்காது என்பதை எத்தனை பேர் குறித்துக்கொண்டார்கள் என்று தெரியவில்லை.

இனி பச்சைப் பலகையை உலர்த்தும் கூண்டு. இதைப்பற்றிச் சங்கத்திலும் டீக்கடையிலும் நிறையப் பேசப்பட்டுவிட்டதால் விவரமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

தென்காசிப் பக்கம் மரத்துக்குப் பஞ்சமில்லை, செங்கோட்டைக்குப் போனால் வேண்டிய மரம் அறுத்து வாங்கலாம். காய்ந்த பலகைதான் கிடைப்பதில்லை. ஆனி முதல் ஆவணி வரை கணவாய் வழியே ஈரக்காற்றும் சாரலும், ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. மரம் உருப்படியாகக் காய்வது தை முதல் வைகாசி வரைதான். சாரலில் செய்த கதவு சித்திரையில் சுருங்கிச் சந்து விடுகிறது, சித்திரையில் இறுக்கமாகப் பொருத்திய டிராயர் ஆடியில் திறக்க மாட்டேன் என்கிறது. வேலை தெரியாதவன் செய்தது என்று வாடிக்கையாளர் சொல்லிவிட்டுப் போகிறார். குற்றம் ஈரத்தின்மேல்.

இதற்காகத்தான் வெயிலில் இயங்கும் கூண்டு. 12 அடி நீளம், 7 அடி அகலம். கூரை தெற்குப் பார்த்த சரிவு, 15 டிகிரி. நமது ஊர் 9 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் வெயிலுக்கு அந்த 9 டிகிரியே போதும், மழைத்தண்ணீர் தேங்கக் கூடாது என்றுதான் கூட்டினோம். மேலே வெயில் தாங்கும் 200 மைக்ரான் பாலித்தீன், அதன்கீழே கறுப்புப் பெயின்ட் அடித்த தகரம், சூடான காற்றை அடுக்கின் ஊடே தள்ள இரண்டு மின்விசிறி, மேலும் கீழும் திறந்து மூடும் காற்றுவழிகள். 8 அடிக்கு 4 அடி அடுக்கில் ஒரு அங்குலப் பலகை 20 வரிசை பிடிக்கும், சுமார் 50 கன அடி.

சென்ற ஆடியில் கூரை கிழிந்தது உண்மை. பாலித்தீனை நேரடியாக ஆணி அடித்தால் காற்று ஆணித்துளையிலிருந்துதான் கிழிக்கத் தொடங்கும், மேலே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து இறுக்க வேண்டும். அது அவசரத்தில் விடுபட்டது. பொறுப்பை ஏற்கிறேன். ஆனால் அன்று உதவிக்கு வருவதாகச் சொன்ன எட்டுப் பேரில் வந்தவர் இருவர் என்பதும் நோட்டில் இருக்கிறது.

தையில் முதல் ஏற்றம். வேம்பு. பலகையின் இரு முனையிலும் அறுத்த அன்றே மெழுகோ மீந்த எனாமலோ பூசிவிடுங்கள் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தோம். பூசியவர்கள் பலகை முழுதாக வந்தது. பூசாதவர்கள் முனையில் ஒரு சாண் வெடிப்பு. காரணம் எளியது: முனை வழியாக ஈரம் பல மடங்கு வேகத்தில் வெளியேறும், நடுப்பகுதி அப்படியே இருக்கும், முனை சுருங்க இடமில்லாமல் பிளக்கும்.

இரண்டாவது தவறு, காற்றுவழியை முதல் வாரமே முழுதாகத் திறந்தது. காற்று எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு நல்லது என்ற நினைப்பு. பச்சை மரத்தை முதலில் புழுக்கத்தில்தான் வைக்க வேண்டும். மேல்தோல் மட்டும் சீக்கிரம் காய்ந்து இறுகிவிட்டால் பலகை பார்க்க நன்றாகத்தான் இருக்கும், நீளவாக்கில் கிழிக்கும்போது ரம்பத்தைக் கவ்வும். சந்தேகமிருந்தால் ஒரு துண்டைக் கவைபோல் வெட்டிப் பாருங்கள். இரண்டு காலும் உள்நோக்கி வளைந்தால் மேல்தோல் இறுகியிருக்கிறது.

ராத்திரியில் விசிறியை ஏன் நிறுத்துகிறீர்கள், கரண்ட் மிச்சம் பிடிக்கவா என்று கேட்டவர்களுக்கு: இல்லை. ராத்திரி கூண்டு குளிர்ந்து காற்றில் ஈரம் ஏறும், பலகையின் மேல்தோல் கொஞ்சம் ஈரம் வாங்கித் தளரும். அந்த ஓய்வில்தான் வெடிப்பு தவிர்க்கப்படுகிறது.

பலகை வரிசைகளுக்கு இடையே வைக்கும் ரீப்பர் முக்கால் அங்குலக் கனம், ஒன்றரை அடிக்கு ஒன்று, கீழிருந்து மேல்வரை ஒரே நேர்க்கோட்டில். ஒரு உறுப்பினர் தம் பலகைகளைத் தாமே அடுக்குவேன் என்று பிடிவாதமாக அடுக்கினார். ரீப்பர் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றதில் பலகை அலை அலையாக வந்தது. ஈர ரீப்பர் வைத்த இடத்தில் கறை பட்டை பட்டையாகப் பதிந்தது, இழைத்தாலும் போகவில்லை.

ஈரம் பார்க்கும் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம் என்று மறுபடி கேட்டுக்கொள்கிறேன். 30 சதவீதத்துக்கு மேல் அது சொல்வதற்கு மதிப்பில்லை, குட்டை ஊசி மேல்தோலைத்தான் படிக்கும். எடைக் கணக்குதான் சரி. மாதிரிப் பலகையின் முனையிலிருந்து ஒரு அடி தள்ளி ஒரு அங்குலத் துண்டு வெட்டினோம். எடை 132 கிராம். அடுப்பில் 103 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை வைத்தபின் 96 கிராம். போன ஈரம் 36, அதை 96ஆல் வகுத்தால் 37.5 சதவீதம். மாதிரிப் பலகை 5 கிலோ 500, ஆகவே அதன் உலர்ந்த எடை 4 கிலோ. நமக்கு வேண்டிய 12 சதவீத ஈரத்தில் எடை 4 கிலோ 480. தினமும் எடை போட்டு, அந்த எடை வந்த 31ஆம் நாள் கூண்டைத் திறந்தோம். திறந்தவெளி அடுக்கில் இதற்கு மூன்று மாதமாவது ஆகியிருக்கும்.

மாசியில் இரண்டாவது ஏற்றம் மா. வண்டு விழாமலிருக்க 100 லிட்டர் தண்ணீருக்கு வெண்காரம் 3 கிலோ, போரிக் அமிலம் 2 கிலோ கரைத்து, பச்சையாக இருக்கும்போதே முக்கி, ஈரம் போகாமல் மூடிவைத்து, பிறகே ஏற்றினோம். காய்ந்த பலகையில் மருந்து உள்ளே இறங்காது. மழை படுகிற இடத்துக்கு இந்தப் பலகை ஆகாது, மருந்து கரைந்து வெளியே வந்துவிடும்.

கூட்டுக் கொள்முதலில் பணம் கொடுத்த அளவுக்குப் பலகை வரவில்லை என்று எழுந்த முணுமுணுப்புக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வாங்கிய தடியின் சுற்றளவு 60 அங்குலம், நீளம் 10 அடி. நான்கில் ஒன்று 15, அதை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 144ஆல் வகுத்தால் 15.6 கன அடி. அதற்குத்தான் பணம் கொடுத்தோம். தடியின் உண்மைக் கன அளவு 19.9. பலகையாகக் கைக்கு வந்தது 11. மீதி மரத்தூளிலும், தடியின் ஓரத்தில் வரும் முதுகுப் பலகையிலும், வைரம் பாயாத வெள்ளை மரத்திலும் போனது, கொள்முதல் குழுவின் வீட்டுக்குப் போகவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக, கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு, குறைந்த பணம் பெரும்பாலும் கூண்டாக நிற்கிறது. 63 உறுப்பினர்களில் 29 பேரிடம் ஆண்டுச் சந்தா 600 ரூபாய் வர வேண்டும். பட்டறை வைத்துப் பிழைப்பவர்களில் பாக்கி வைத்தவர் மிகக் குறைவு. பொழுதுபோக்காக மரவேலை செய்பவர்கள் இறக்குமதி உளி வாங்குகிற வேகத்தில் பாதியைச் சந்தாவில் காட்டினால் போதும். கூண்டின் காவல் முறையிலும் இதே கதைதான். ஞாயிறு முறைக்கு வராதவர்களின் பலகையும் மற்றவர்கள் பலகையோடுதான் காய்ந்தது.

இடம் தந்தவருக்கும், மின் இணைப்பு வேலையைக் கூலி வாங்காமல் செய்தவருக்கும், தணிக்கையாளருக்கும், தலைவர், பொருளாளர் அவர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில், தமிழக அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க விரும்பும் பட்டறைக்காரர்களுக்குப் படிவம் நிரப்பித் தரப்படும். தொடங்கியபோது அறிவித்தது கடனில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். கூண்டுக்கு ஆனி பிறக்குமுன் புது பாலித்தீன் போட வேண்டும். 29 பேரின் பாக்கி 17,400 ரூபாய். அது வந்தால் இந்த வேலைக்குத் தனியாக நன்கொடை கேட்க வேண்டியிருக்காது. தை ஏற்றத்துக்கு இடம் பதிவு செய்திருப்பவர்கள் பட்டியலையும் பாக்கிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெயர் எதுவும் இங்கே எழுதவில்லை.

செயலாளர் பொறுப்புக்கு யாரேனும் முன்வந்தால் கூண்டுச் சாவியையும் தராசையும் எடை நோட்டையும் இன்றே ஒப்படைக்கச் சித்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்

பி.கு.: கூண்டிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட ரீப்பர் 14 இன்னும் திரும்பவில்லை.