பொய் சொல்லிவிட்டுக் கப்பல் ஏற வேண்டாம்

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். முதல் வரியை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடம் எழுதிய அதே வார்த்தையை இனியும் உனக்கு எழுதலாமா, எழுதினால் உன்னை நெருக்குவதுபோல் ஆகிவிடுமா என்று மனது அடித்துக்கொண்டது. அப்புறம் எழுதிவிட்டேன். நான் நிற்கிற இடம் அதுதான். உன்னை நினைப்பதும் உனக்காக முழங்கால் போடுவதும் அங்கிருந்துதான். நீ அந்த இடத்தில் இல்லை என்பதற்காக நான் அதை மறைத்து எழுதினால் அது நடிப்பாகிவிடும்.

ஆயருக்கு அனுப்பப்போகிற கடிதத்தை முதலில் எனக்கு அனுப்பினாயே ராசா, அதற்கு நன்றி. மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாம் தடவை கோபம் வந்தது. மூன்றாம் தடவை படித்தபோதுதான் நீ என்ன சொல்கிறாய் என்பதே காதில் விழுந்தது. சபைப் பதிவேட்டிலிருந்து உன் பெயரை எடுத்துவிடச் சொல்கிறாய். கடவுள் இருக்கிறார் என்று உன்னால் இப்போது சொல்ல முடியவில்லை, சொல்ல முடியாத ஒன்றின் கீழ் உன் பெயர் இருப்பது பொய் என்கிறாய். அந்த ஒரு வாக்கியம் உன்னுடையது என்று எனக்குத் தெரிகிறது. மற்றவற்றில் பாதி நண்பர்களோடு விடிய விடியப் பேசிய சூட்டில் வந்தவை.

அந்த விவாதத்தைப் பற்றி நீ போனில் சொன்னதை நான் பலமுறை நினைத்துப் பார்த்தேன். ஒருவன் கடவுளே இல்லை என்றான். இன்னொருத்தி, கடவுள் இருக்கட்டும், சபைத் தேர்தலில் நடக்கிற சண்டையைப் பார் என்றாள். மூன்றாமவன், அப்படியானால் வெளியே வந்துவிடு என்றான். நீங்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைப் பேசியதாக நினைத்தீர்கள். எனக்கு அவை மூன்று வேறு வேறு விஷயங்களாகத் தெரிகின்றன. பொருளாளர் கணக்கை மறைத்தார் என்றால் அவரைக் கேள்வி கேட்க வேண்டும், ஓட்டுப் போட்டு மாற்ற வேண்டும். அதை வைத்துக் கடவுள் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. அதேபோல, கடவுள் இருக்கிறார் என்று நாளைக்கே உனக்குத் தோன்றினாலும், இந்தச் சபையில்தான் இருந்தாக வேண்டும் என்று ஆகிவிடாது. உன் கடிதத்தில் தேர்தல் சண்டையும் சொத்து வழக்கும் பெண்களை மட்டம் தட்டும் பிரசங்கமும் அடுத்தடுத்து வருகின்றன. அவை எல்லாம் உண்மை. நானும் அவற்றைக் கமிட்டியில் பேசிப் பகைத்துக்கொண்டவள்தான். ஆனால் நீ போவதற்குக் காரணம் அவை என்றால், அவை சரியானால் திரும்பி வருவாயா? மாட்டாய் என்றால் அந்தப் பட்டியலை எடுத்துவிடு. உன் உண்மையான காரணம் தனியாக நிற்கட்டும்.

உன் பெரியப்பா போனில் உன்னை நாத்திகன் என்று திட்டியதைக் கேட்டேன். அந்த வார்த்தையைக் கேட்டு நீ நொந்துபோக வேண்டாம். ரோமர் காலத்தில் கிறிஸ்தவர்களைத்தான் நாத்திகர்கள் என்றார்கள். ஊர் கும்பிடும் தெய்வங்களைக் கும்பிட மறுத்ததால் வந்த பெயர் அது. இரண்டாம் நூற்றாண்டில் சிமிர்னாவின் வயதான பேராயர் பாலிக்கார்ப்பை அரங்கத்தில் நிறுத்தி, 'நாத்திகர்கள் ஒழிக என்று சொல், விட்டுவிடுகிறோம்' என்றார் ஆளுநர். தன் ஆட்களையே சபிக்கச் சொல்கிறார்கள் என்பது கிழவருக்குப் புரிந்தது. கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்துக் கையை வீசி அதே வார்த்தையைச் சொன்னார். அப்புறம் அவரைக் கொளுத்தினார்கள். ஊர் நம்புவதை நான் நம்பவில்லை என்று சொன்னதற்காகச் செத்தவர்களின் பிள்ளைகள் நாம். அதையே இன்னொருவன் நம்மிடம் சொன்னால் திட்டுவதற்கு நமக்கு வாய் வரக் கூடாது. பெரியப்பாவிடம் இதைச் சொல்லிவிட்டேன்.

விவரம் தெரியாத வயதில் எனக்கு ஏன் ஞானஸ்நானம் கொடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்விக்கு ஐந்நூறு வயது. 1525இல் சூரிச் நகரில் சிலர் இதையே கேட்டு, விசுவாசித்த பிறகு எடுப்பதுதான் ஞானஸ்நானம் என்று மறுபடியும் எடுத்துக்கொண்டார்கள். 1527 ஜனவரியில் அவர்களில் ஃபீலிக்ஸ் மான்ஸ் என்பவரை அந்த நகரமே ஆற்றில் அமிழ்த்திக் கொன்றது. கொன்றவர்களும் கிறிஸ்தவர்கள். இதை எந்த ஓய்வுநாள் பள்ளியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன், படித்த அன்று இரவு தூங்கவில்லை. உனக்கு நாங்கள் ஞானஸ்நானம் கொடுத்தது, பேசத் தெரியாத உன்னோடு நாங்கள் பேசியதுபோலத்தான். பதில் வரட்டும் என்று காத்திருந்து எந்தத் தாயும் பேசத் தொடங்குவதில்லை. அதன்பிறகு திடப்படுத்தலில், விசுவாசத்தை நீயே அறிக்கையிடும் அந்த ஆராதனையில், உன் வாயாலேயே சொன்னாய். அப்போது உனக்கு வயது பதினைந்து. வரிசையில் எல்லாரும் நின்றார்கள், நீயும் நின்றாய். அதை நீ சுயமாகச் செய்தாய் என்று நான் சாதிக்கமாட்டேன்.

இப்போது உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

எனக்கு இருபது வயதில், வாலிபர் கூட்டத்தில் ஓர் அண்ணன் எழுந்து கேட்டார். அவருடைய தங்கை இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 'எல்லாரும் உபவாசம் இருந்து ஜெபித்தோமே, ஏன் அவள் செத்தாள்?' என்றார். கூட்டம் நடத்தியவர், இப்படிக் கேட்பதே பிசாசின் வேலை என்று சொல்லி அவரை உட்கார வைத்தார். நாங்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம். என் அம்மா இறந்து அப்போது மூன்று மாதம். அதே கேள்வி என் நெஞ்சுக்குள்ளும் இருந்தது. நானும் எழுந்து 'எனக்கும் அதுதான் கேள்வி' என்று சொல்லியிருந்தால் அந்த அண்ணன் தனியாக நின்றிருக்கமாட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஒருவரும் போய்க் கேட்கவில்லை. நானும் போகவில்லை. அது இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

அதற்குப் பிறகு நாலு வருடம், விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது 'சரீரம் உயிர்த்தெழுதலும்' என்ற இடத்தில் நான் வாயை மூடிக்கொள்வேன். அம்மாவைப் பெட்டியில் வைத்து மூடியதைப் பார்த்த கண்ணால் அந்த வரியைச் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியாது. உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. பிறகு ஒருநாள் அந்த வரி என் வாயில் வந்தது. ஏன் வந்தது என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை. எனக்கு வந்ததுபோல உனக்கும் வரும் என்று சொல்ல இதை எழுதவில்லை. வராமலும் போகலாம். கி.பி. 325இல் பேராயர்கள் கூடிய நிசேயா சங்கம் எழுதிய பிரமாணம் 'விசுவாசிக்கிறோம்' என்று பன்மையில்தான் தொடங்கியது. நான் மௌனமாக நின்ற அந்த நாலு வருடமும் மற்றவர்கள் எனக்கும் சேர்த்து அந்த வரியைச் சொன்னார்கள் என்று நினைத்துக்கொள்வேன். சபையில் நான் இன்னும் இருப்பதற்கு ஒரு காரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

உன் நண்பன் லிஸ்பன் பூகம்பத்தைச் சொன்னானாம். 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள், காலை ஆராதனை நேரம். கோயில் நிறைய ஜனம் இருந்தபோது கூரை இடிந்து விழுந்தது. கும்பிட வந்தவர்களையே கொன்ற கடவுள் என்ன கடவுள் என்று கேட்டிருக்கிறான். அவனிடம் சொல், உன் அம்மாவிடம் பதில் இல்லை. தேடியிருக்கிறேன், கிடைக்கவில்லை. ஆனால் அது பாவத்துக்குத் தண்டனை என்று எவராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு இயேசுவே அந்தப் பேச்சை மறுத்திருக்கிறார். அந்த அண்ணனுக்கு அன்றைக்கு இதையாவது சொல்லியிருக்கலாம்.

சித்தி உன்னிடம் வேறு விதமாகப் பேசியிருக்கிறாள். நம்பாவிட்டாலும் பெயரை வைத்துக்கொள், ஒருவேளை கடவுள் இருந்துவிட்டால் லாபம், இல்லாவிட்டால் நஷ்டமில்லை என்று. பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கல் சொன்ன பந்தயக் கணக்கு அது. ஆனால் பாஸ்கல் அந்தக் கணக்கைப் போட்டு விசுவாசத்துக்கு வந்தவர் இல்லை. 1654 நவம்பர் 23 இரவு தனக்கு நேர்ந்ததை ஒரு தாளில் எழுதி, சட்டைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டே திரிந்தார். 1662இல் அவர் இறந்த பிறகுதான் அதைக் கண்டெடுத்தார்கள். உனக்கு அப்படி ஒன்று நேரவில்லை. நேராத ஒன்றை நேர்ந்ததாகக் காட்டி லாபம் பார்க்க நான் உன்னை வளர்க்கவில்லை.

பெயரை எடுப்பதைப் பற்றி ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்துகொள். அங்கத்தினர் பட்டியல் வேறு, ஞானஸ்நானப் பதிவு வேறு. பட்டியலிலிருந்து பெயர் போனால் ஓட்டும் பொறுப்புகளும் போகும். திருமணம், அடக்கம் போன்றவற்றுக்கு அந்தந்தச் சபையின் சட்டம் என்ன சொல்கிறது என்று ஆயரிடம் நேராகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள். பயமுறுத்தும் சொந்தக்காரர்களிடம் கேட்காதே. ஞானஸ்நானப் பதிவு நடந்த ஒன்றைக் குறித்துவைத்தது, அதை அழிக்கமாட்டார்கள். ஜெர்மனியில் சபையை விட்டு விலகுகிறேன் என்று அரசு அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ போய்ச் சொல்லிவிட்டால், அங்கத்தினர்கள் கட்டும் சபை வரி நின்றுவிடும். ஆனாலும் கத்தோலிக்க சபை, ஞானஸ்நானம் பெற்றவன் பெற்றவன்தான் என்கிறது. 1948இல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆம் பிரிவு மதத்தையும் நம்பிக்கையையும் மாற்றிக்கொள்ளும் உரிமையைச் சொல்கிறது. அது நீ என்னிடம் அனுமதி கேட்கத் தேவையில்லாத உரிமை. நீ கேட்கவும் இல்லை. தெரியப்படுத்தினாய். சரி.

இனி மோனிக்காளைப் பற்றி. பிற்காலத்தில் பேராயராகிப் பெரிய வேத அறிஞர் என்று பெயரெடுத்த அகஸ்தீனின் அம்மா. பிரசங்கத்தில் அவளுடைய கண்ணீரை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். மகன் மனிக்கேயர் என்ற வேறு மதக் கூட்டத்தாரோடு சேர்ந்தபோது அவனை வீட்டில் சேர்க்கவே அவள் தயங்கினாள். யாரும் பிரசங்கத்தில் சொல்லாத இன்னொரு பகுதியை அகஸ்தீனே எழுதியிருக்கிறார். கி.பி. 383இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜிலிருந்து ரோமுக்குப் போக முடிவு செய்தார். அம்மா கடற்கரைவரை பின்னாலேயே வந்தாள், விடவில்லை. நண்பன் ஒருவனை வழியனுப்ப வந்திருக்கிறேன், காற்று வந்ததும் அவன் போய்விடுவான் என்று அவளிடம் பொய் சொன்னார். அன்று இரவு அவள் பக்கத்திலிருந்த இரத்தசாட்சி சிப்பிரியானின் நினைவாலயத்தில் ஜெபித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் கப்பல் கிளம்பிவிட்டது. விடிந்ததும் வெறும் கரையில் நின்று கதறினாள்.

நாலு வருடம் கழித்து, 387இல், அவர் மிலானில் ஞானஸ்நானம் பெற்றார், அதே வருடம் அவள் இறந்தாள் என்று கதையை முடிப்பார்கள். எனக்கு அந்தக் கரைதான் மனதில் நிற்கிறது. பெற்ற பிள்ளை உண்மையைச் சொல்ல முடியாதபடி அந்தப் பிரியம் ஆகிவிட்டதே. உன் கடிதம் வந்த அன்று எனக்கு முதலில் வந்த அழுகைக்குப் பின்னால் ஒரு நிம்மதியும் இருந்தது. நீ பொய் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறவில்லை.

சார்லஸ் டார்வின் கல்யாணத்துக்கு முன்பே தன் சந்தேகங்களை எம்மாவிடம் சொல்லிவிட்டார். மறைத்துவை என்றுதான் அவருடைய அப்பா புத்தி சொன்னார். அவரால் முடியவில்லை. எம்மாவுக்கு அது வலித்தது, ஆனால் சொன்னதற்கு நன்றி என்று எழுதினாள். கல்யாணமான புதிதில் அவள் தன் பயத்தையெல்லாம் கொட்டி எழுதிய ஒரு கடிதத்தை அவர் பத்திரமாக வைத்திருந்தார். அந்தக் கடிதத்திலேயே, நான் இறந்த பிறகு தெரிந்துகொள், இதைப் பலமுறை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்ற பொருளில் எழுதிவைத்தார். 1851இல் அவர்களுடைய பத்து வயது மகள் ஆனி இறந்தாள். அதற்கு அப்புறமும் அவள் நம்பினாள், அவர் நம்பவில்லை, ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். நம்மாலும் முடியும்.

வலிக்கவில்லை என்று உன்னிடம் நான் சொல்லமாட்டேன். திருவிருந்துக்கு எழுந்து போகும்போது பக்கத்து இடம் காலியாக இருக்கும். உனக்காக ஜெபிப்பதை நிறுத்தமாட்டேன். அதை உன் காதில் போட்டுப் போட்டு உன்னைக் குற்றவாளியாக்கவும் மாட்டேன்.

கடிதத்தில் ஒரே ஒரு வரியை மாற்றச் சொல்லிக் கேட்கிறேன். 'இங்கே இருப்பவர்கள் யோசிக்காமல் நம்புகிறவர்கள்' என்று எழுதியிருக்கிறாய். அது உண்மையில்லை. நாலாவது வரிசையில் தனியாக உட்காரும் பாட்டியை உனக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவள். அவள் யோசிக்காத இரவு இருந்திருக்காது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. அந்த வரியை எடுத்துவிட்டு மீதியை அப்படியே அனுப்பு. என் கையில் கொடுத்து அனுப்பாதே, உன் பெயரில் நேராக ஆயருக்குப் போகட்டும்.

கமிட்டியில் அதை வாசிக்கும் அன்று நான் அங்கே இருப்பேன். யாராவது அதைப் பிசாசின் வேலை என்று சொன்னால் இந்த முறை எழுந்து பேசுவேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எப்போதும்போலக் கூப்பிடு.

உன் அம்மா