இடிப்பதற்கு முன் ஒரு மாதம்: கீழக்கரைப் பழைய தெருக்களுக்காக ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியை,
நடுத்தெருப் பகுதி, கீழக்கரை,
இராமநாதபுரம் மாவட்டம்.
(பெயர், கதவு எண், உடன் கையெழுத்திட்ட தெருவாசிகளின் பட்டியல் ஆகியவை தனித்தாளில்)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
இராமநாதபுரம்.

பொருள்: கீழக்கரைப் பழைய தெருக்களின் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வீடுகளை இடிப்பதற்கு முன் அளந்து பதிவு செய்யவும், இடித்த கல்லையும் மரத்தையும் ஊரிலேயே சேர்த்து வைக்கவும், சுண்ணாம்பு வேலைக்குப் பயிற்சி நடத்தவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஆண்டு ரமலானுக்கு முந்திய மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டை இடித்தார்கள். காலை ஏழு மணிக்கு ஜேசிபி வந்தது. பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது அந்த இடத்தில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. நான் பிறந்ததிலிருந்து அங்கே நிழலைத்தான் பார்த்திருக்கிறேன். இரண்டரை அடி அகலச் சுவர், அத்தனையும் முருகைக்கல். டிராக்டரில் அள்ளிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே பள்ளமாகக் கிடந்த ஒரு மனையை நிரப்பினார்கள். தலைவாசல் கதவை முந்தின நாளே பழைய சாமான் வியாபாரி ஒருவர் நிலையோடு பெயர்த்து லாரியில் ஏற்றிவிட்டார். காரைக்குடிக்குப் போகிறது என்றார்கள்.

அந்தக் கதவை நான் வரைந்து வைத்திருக்கிறேன். பணியில் இருந்தபோது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் தெருத் தெருவாகக் கூட்டிக்கொண்டு போவேன். ஆளுக்கொரு வாசல். கதவு, நிலை, மேல்நிலையில் ஓடும் கொடி, சன்னல் கம்பிகளுக்கு மேலே இருக்கும் அரைவட்ட மரச்சல்லடை, இவற்றையெல்லாம் அளவோடு வரையச் சொல்வேன். அப்படி நோட்டு நோட்டாகச் சேர்ந்தது. இப்போது அந்த நோட்டுகளைப் புரட்டினால் பாதிக்கு மேல் வாசல்கள் தெருவில் இல்லை. அதனால்தான் இந்த மனு.

இடித்தவர்களை நான் குறை சொல்லவில்லை. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூன்று பெண்கள் இருக்கும் குடும்பத்தில் ஒரு பழைய வீட்டை மூன்றாகப் பிரிப்பது லேசான காரியமில்லை. மாடியில் குளியலறை வேண்டும், வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைக்குத் தனி அறை வேண்டும், வண்டி நிறுத்த இடம் வேண்டும். மச்சைத் தாங்கும் பனங்கை (பனைமரச் சட்டம்) உளுத்துப்போனால் மாற்றித்தர ஆள் கிடைப்பதில்லை. எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் "இதை இடிச்சுட்டுப் புதுசா கட்டிருங்கம்மா, செலவு கம்மி" என்கிறார். அவருக்குத் தெரிந்தது அதுதான். வீட்டுக்காரர் வேறென்ன செய்வார்?

ஆனால் இடிபடுவது திரும்பக் கட்டக்கூடிய பொருளில்லை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன். முருகைக்கல் என்பது பவளப்பாறை. எங்கள் முன்னோர் மன்னார் வளைகுடாவிலிருந்து அதை வெட்டி எடுத்தார்கள். வீடு கட்டக் கல்லும் அதுதான், சுடச் சுண்ணாம்பும் அதுதான். அதனால் கடலுக்கு எவ்வளவு கேடு வந்தது என்பதும் எங்களுக்குத் தெரியும். 1986-இல் 21 தீவுகளையும் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். 2001-இல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். நல்லது. ஒரு கல்கூட இனிமேல் கடலிலிருந்து வரக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அப்படியென்றால் கீழக்கரைச் சுவர்களில் ஏற்கெனவே இருக்கும் கல்தான் கடைசிக் கல். நிற்கிற வீட்டில் ஒரு சுவர் பெயர்ந்தால் அதைச் சரிசெய்ய, இடித்த வேறொரு வீட்டின் கல்லைத் தவிர வழியே இல்லை. அந்தக் கல்லைத்தான் பள்ளத்தில் கொட்டி மேலே மண்ணடிக்கிறோம். கடலிலிருந்து இவ்வளவு விலை கொடுத்து எடுத்த பொருளைக் குப்பை போல நிரவிவிடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இந்தச் சுவர்கள் ஏன் இத்தனை காலம் நின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். முருகைக்கல்லில் பொடிப்பொடியாகத் துளை உண்டு. கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பை ஊறவைத்து, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுப் பூசுவார்கள். அந்தப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காது. தரையிலிருந்து ஓதம் ஏறினாலும் காற்றுப் பட்டுக் காய்ந்துவிடும். வெயில் காலத்தில் உள்ளே வந்து நின்றால் உடம்பு தானாகத் தணியும். எங்கள் வீட்டில் இருபது வருடத்துக்கு முன்னால் கூடத்துச் சுவருக்குச் சிமெண்ட் பூசினோம். நல்லதென்று நினைத்துத்தான் செய்தோம். மூன்றாவது மழையிலேயே சுவர் உப்புப் பூத்துப் பொரிய ஆரம்பித்தது. சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டது, உள்ளே இருந்த கல் கரையத் தொடங்கியது. கடைசியில் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் பழையபடி சுண்ணாம்பு பூச ஒருவரைத் தேடிப் பிடிக்க ஏழு மாதம் ஆனது. வந்தவருக்கு எழுபது வயதுக்கு மேல். பூச்சை மட்டமாக இழைக்கும் மணியாசுக் கட்டையை அவர் சுவரில் இழுத்த விதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் முப்பது வருடம் பென்சில் பிடித்தவள். என் கைக்கு அந்த ஒழுங்கு வந்ததில்லை. அவருக்குப் பின்னால் அவர் வீட்டில் யாரும் இந்த வேலைக்கு வரவில்லை.

கடற்கரை ஊரில் கான்கிரீட்டின் கதியைத் தாங்கள் அலுவலகக் கட்டடங்களிலேயே பார்த்திருப்பீர்கள். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து வீங்கி, கூரையடி பிளந்து சில்லுச் சில்லாக விழும். புதிதாகக் கட்டுகிறவர்கள் அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இப்போது பள்ளிவாசல்களைப் பற்றி. நடுத்தெரு ஜும்ஆ பள்ளி வள்ளல் சீதக்காதி பெயரோடு சேர்ந்தது. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, இராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி ஆண்ட காலம். உள்ளே கல்தூண்களைப் பார்த்தால் கோயில் மண்டபத்தில் நிற்பது போலவே இருக்கும். சதுரமும் எண்பட்டையும் மாறிமாறி வரும் தூண், மேலே உத்தரத்தைத் தாங்கும் போதிகை, தாமரை, கொடிவேலை. ஆனால் ஓர் உருவம்கூட இருக்காது. மண்டபம் கட்டத் தெரிந்த தச்சர்கள், தொழுகிறவர்களின் நம்பிக்கையை அறிந்து, தங்கள் கைவேலையில் எதை விடுவது எதை வைப்பது என்று யோசித்துச் செய்த வேலை அது. இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் எவ்வளவு மதித்திருந்தால் அப்படி ஒரு தூண் உருவாகியிருக்கும்! "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று தமிழ்நாடே சொல்கிறது. அவர் கொடுத்ததில் கண்ணால் பார்க்கக் கூடியதாக இன்றும் நிற்பது இந்தக் கல்வேலைதான். கரையோர ஊர்களில் சில பழைய பள்ளிவாசல்களில் இப்படிப்பட்ட தூண்களுக்கு எனாமல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள், சுற்றிலும் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். சுத்தமாக இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். சொல்லித்தர ஆள் இருந்திருந்தால் செய்திருக்க மாட்டார்கள்.

வீடுகளுக்கு வருகிறேன். இவற்றின் அமைப்பே பெண்களுக்காகப் போட்டது. முன்னால் திண்ணை, ஆண்கள் வந்து உட்கார. உள்ளே முற்றம். பின்னால் சந்து, அதன் வழியாகவே நாலு வீடு தள்ளியிருக்கும் ராத்தா (அக்கா) வீட்டுக்குப் போய் வரலாம். முற்றத்தில்தான் ஓலை முடைவோம். கொட்டான், பெட்டி, பாய் எல்லாம் அங்கே உருவானவை. தொதல் என்ற இனிப்பைக் கிண்டுவதும் அங்கேதான். ஒருவர் கை ஓய்ந்தால் அடுத்தவர் துடுப்பை வாங்கிக்கொள்ள அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து நிற்பார்கள். கல்யாண வீடென்றால் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பாட, குரவைச் சத்தம் மச்சுவரை எழும். புது வீடுகளில் முற்றம் இல்லை. அதனால் பாட்டு மண்டபத்துக்குப் போனது, மண்டபத்தில் ஸ்பீக்கர் வைத்தார்கள், பாட்டு நின்றுபோனது. என் உம்மா பாடிய பாட்டில் எனக்கு நாலு வரிதான் தெரியும். என் மகளுக்கு அதுவும் தெரியாது.

வீட்டோடு போகிற இன்னொன்று ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும். அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் இந்த ஊரில் செழித்தது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் அதில் பெரிய அளவில் எழுதியவர்கள். அந்தக் காலத்து நோட்டுகளும் கடிதங்களும் பல வீடுகளில் சுவர் மாடத்திலும் மரப்பெட்டியிலும் இருக்கின்றன. வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டதால், வீடு காலி செய்யும்போது அவற்றையும் பழைய காகிதத்தோடு கட்டிவிடுகிறார்கள்.

சாலைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன விஷயமாகத் தோன்றலாம், ஆனால் பழைய வீடுகளுக்கு ஜேசிபியைவிடப் பெரிய கேடு இதுதான். நான் சிறுமியாக இருந்தபோது தெருவிலிருந்து எங்கள் திண்ணைக்கு நான்கு படி. இப்போது ஒன்றரைப் படி. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் தலைவாசலைத் தாண்டி உள்ளே வருகிறது. சுவர் அடியில் நிரந்தரமாக ஓதம். நன்றாக இருந்த வீட்டையும் இடிக்க வைப்பது இந்தத் தண்ணீர்தான். பழைய தெருக்களில் இனி சாலை போடும்போது இருக்கும் தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, பழைய மட்டத்துக்கு மேலே போகாமல் போட உத்தரவிட வேண்டும். எங்கள் கோரிக்கைகளில் செலவு அதிகம் இல்லாததும் உடனே செய்யக்கூடியதும் இதுதான்.

அடுத்து, இராமநாதபுரத்து இராமலிங்க விலாசம் அரண்மனையைப் போல எங்கள் வீடுகளையும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவிக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. ஆண்டுதோறும் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போய்ச் சுவரோவியங்களைக் காட்டியவள் நான். அதைத் தொல்லியல் துறை காத்து வைத்திருப்பதற்கு நன்றி சொல்கிறேன். ஆனால் இவை குடியிருக்கும் வீடுகள். ஆணி அடிக்கக்கூட அனுமதி வாங்க வேண்டும் என்றால் பயந்துபோய் நாளைக்கே இடித்துவிடுவார்கள். 2012-இல் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய மரபு ஆணையச் சட்டத்தின் வழியாக, வீட்டுக்காரர்களின் சம்மதத்தோடு, பழைய தெருக்களை ஒரு பகுதியாகப் பட்டியலிட முடியுமா என்று தாங்கள் பரிசீலிக்க வேண்டும். அது காலம் பிடிக்கும் வேலை என்பது எங்களுக்குப் புரிகிறது.

அதற்குள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. புதுக் கட்டடத்துக்கு வரைபட அனுமதி கேட்டு விண்ணப்பம் வரும்போதே, அந்த மனையில் பழைய முருகைக்கல் வீடு இருந்தால், இடிப்பதற்கு முன் ஒரு மாதம் அவகாசம் வைக்கும்படி செய்யுங்கள். தடை வேண்டாம், அவகாசம் போதும். அந்த மாதத்தில் வீட்டை அளந்து, படம் எடுத்து, வரைபடம் போட்டு வைத்துவிடலாம். பழுது பார்த்தாலே போதும் என்ற நிலையில் வீடு இருந்தால் அதை வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொல்லலாம். மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளை வருடத்துக்கு ஒருமுறை இங்கே அனுப்பினால் அவர்களுக்கும் பாடம். தங்கும் இடமும் சாப்பாடும் எங்கள் தெருவின் பொறுப்பு.

இடித்தே ஆக வேண்டும் என்றால், கல்லும் மரமும் ஊரைவிட்டுப் போகாமல் இருக்க ஒரு கிடங்கு வேண்டும். அரசு நிலத்தில் சுற்றுச்சுவர் போட்ட ஒரு கொட்டகை போதும். முருகைக்கல்லை அப்படிச் சேர்த்து வைக்கவும் மறுபடி பயன்படுத்தவும் வனத்துறையின் தெளிவான எழுத்துப்பூர்வ அனுமதி தேவைப்படும். அதைத் தாங்கள் பேசி வாங்கித்தர வேண்டும். கடலிலிருந்து புதுக்கல் ஒன்றும் கலந்துவிடாதபடி, எந்த வீட்டுக் கல், எத்தனை டிராக்டர் என்று பதிவேடு போட்டு வைக்கலாம். கதவு, நிலை, தூண், சன்னல்களை வியாபாரி கொடுக்கும் விலைக்கே வாங்கிக்கொள்ள ஊர்க்காரர்களிடம் நிதி திரட்ட நாங்கள் தயார்.

அப்புறம், கொத்தனார்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரியவர்கள் இந்தக் கரையில் மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். திறன் மேம்பாட்டுத் திட்டம் ஏதேனும் ஒன்றில் அவர்களை ஆசிரியர்களாக அமர்த்தி, தினக்கூலிக்குக் குறையாத ஊதியம் கொடுத்து, இளைஞர்களுக்கு ஆறு மாதப் பயிற்சி நடத்துங்கள். பயிற்சிக்குச் சுவர் வேண்டுமென்றால் எங்கள் வீட்டிலேயே இரண்டு இருக்கின்றன.

அரபுத்தமிழ்ப் பிரதிகளை ஸ்கேன் செய்து உரியவர்களிடமே திருப்பிக் கொடுக்க ஒரு முகாம் நடத்தினாலும் பெரிய உதவி. பெண்கள் கொண்டுவந்து கொடுக்க வேண்டுமானால் முகாமில் பெண் அலுவலர்கள் இருக்க வேண்டும்.

வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் தெருவாசிகள் சிலரோடு நேரில் வருகிறேன். பிள்ளைகள் வரைந்த நோட்டுகளையும் கொண்டுவருகிறேன், தாங்கள் பத்து நிமிடம் ஒதுக்கிப் பார்க்க வேண்டும்.

ஒரு அவசரமும் இருக்கிறது. எங்கள் தெருவின் கிழக்கு முனையில் இன்னொரு வீட்டுக்கு அளவெடுத்துக் கயிறு கட்டிவிட்டார்கள். மூன்று முற்றம் உள்ள வீடு. அதன் உரிமையாளரான ராத்தாவிடம் போய்ப் பேசினேன். இடிக்கும் தேதியை ஒரு மாதம் தள்ளி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்த மாதம் முடிவதற்குள் அளவெடுக்கத் தெரிந்த ஒருவரையாவது அனுப்பிவைக்கப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கீழக்கரை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியை மற்றும் நடுத்தெருப் பகுதி குடியிருப்போர்

இணைப்பு: மாணவர்கள் வரைந்த வாசல் படங்களின் நகல்கள், கையெழுத்துப் பட்டியல்.