ரெசின் மணிகளும் போர்வெல் தண்ணீரும்

தருமபுரி

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. கிருஷ்ணகிரிப் பக்கம் மா பூத்துவிட்டது என்று படித்ததில் மகிழ்ச்சி. இங்கேயும் பனி விட்டு வெயில் ஏறுகிறது.

8000 டிரைபெப்டைடுகளை (மூன்று அமினோ அமிலம் கோத்த சங்கிலிகளை) ரெசின் மணிகளில், அதாவது நுண்ணிய பிசின் உருண்டைகளில் கட்டி, கண்ணாடியில் பரப்பி, மால்டி இமேஜிங்கில் (லேசர் அடித்துப் புள்ளி புள்ளியாக எடை காணும் முறையில்) படம் எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக எடுக்கலாம். ஆனால் கருவி காட்டுவது எடையை, வரிசையை அல்ல. 20 அமினோ அமிலத்தில் மும்மூன்றாகக் கோத்தால் 8000 வரிசை, வரிசையை விட்டுச் சேர்மானமாக மட்டும் பார்த்தால் 1540 தான். லியூசினும் ஐசோலியூசினும் ஒரே எடை, அதனால் அதிகபட்சம் 1330; வேறு சில சேர்மானங்களும் ஒரே எடையில் விழும். அந்த இரண்டில் ஒன்றை இப்போதே விட்டுவிடு. மீதியை எம்எஸ்/எம்எஸ்ஸில், அதாவது அயனியை உடைத்துத் துண்டுகளை எடைபோட்டு, பிரித்துக்கொள்ளலாம்.

மூன்று கிளைசின் சேர்ந்தால் அயனியின் எடை 190.08. சிஎச்சிஏ மேட்ரிக்ஸின் (லேசரை உறிஞ்சி அயனியாக்க உதவும் பூச்சுப் பொருளின்) சொந்த உச்சமே 190.05-இல் நிற்கும்; 379-லும் ஒன்று வரும். லிங்கரை (பெப்டைடை மணியோடு பிணைக்கும் இணைப்பை) அடுத்து ஓர் ஆர்ஜினினும் மூன்று பீட்டா அலனைனும் எல்லா மணியிலும் பொதுவாகக் கட்டு. எடை 369 கூடி அந்த இரண்டு உச்சங்களையும் தாண்டிவிடும், ஆர்ஜினினால் அயனியும் நன்றாக உருவாகும்.

லிங்கர் ஒளியில் அறுபடுவதாக இருக்கட்டும். 365 நானோமீட்டர் விளக்கில், ஈரமே படாமல், சேர்மம் மணியிடத்திலேயே தங்கும். மேட்ரிக்ஸ் மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம், பாதி அசிட்டோநைட்ரைல், 0.1% டிஎஃப்ஏ (டிரைஃப்ளூரோ அசிட்டிக் அமிலம்). மெல்லிய பூச்சாக, ஒவ்வொரு முறையும் காயவிட்டு அடி. நனைந்தால் பக்கத்து மணிக்குக் கசியும். அந்தப் படத்தை நம்பவே கூடாது.

மணி 90 மைக்ரான், பிக்சல் 50 போதும். 75க்கு 25 மில்லிமீட்டர் கண்ணாடி முழுவதும் 7,50,000 பிக்சல். நொடிக்கு 20 என்றால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். கலந்த மணிகளிலிருந்து சேர்மத்துக்குச் சராசரியாக ஒரு மணி என்று எடுத்துப் பரப்பினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்மங்கள் விடுபடும். மூன்று மடங்கு பரப்பு, விடுபடுவது 5% ஆகும். ஒரே கண்ணாடியில் நெருக்காமல் இரண்டாகப் பிரித்துக்கொள்.

நான் அதிகம் பயப்படுவது தண்ணீருக்குத்தான். நம் ஊர் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். அதில் கழுவிய பாத்திரம் போதும், ஒவ்வொரு உச்சத்துக்கும் சோடியம், பொட்டாசியம் துணை உச்சங்கள் முளைக்கும். அந்த இரண்டுக்கும் இடைவெளி 15.974; ஆக்சிஜன் ஏறினால் கூடுவது 15.995. 700 எடையில் இந்த வித்தியாசம் 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) தான். மணியின் உயரமே நேர்கோட்டு டிஓஎஃப் கருவியில் (அயனி பறக்கும் நேரத்தை வைத்து எடை காணும் கருவி) எடையை அந்த அளவுக்கு நகர்த்திவிடும். அப்புறம் உப்பைப் பார்த்து மெதியோனின் ஆக்சிஜனேற்றம் என்று எழுதிவிடுவோம். கடைசிக் கழுவலுக்கு எச்பிஎல்சி தரத் தண்ணீர் (ஆய்வகத்துக்கான மிகத் தூய தண்ணீர்) தான், பிளாஸ்டிக் பாத்திரத்தில். எடை திருத்தத்துக்குத் தெரிந்த பெப்டைடு ஒன்றை மேட்ரிக்ஸிலேயே கலந்துவிடு.

முதலில் வரிசை தெரிந்த 50 மணிகளை வைத்து ஓட்டிப் பார். என்ன லிங்கர் கிடைத்தது என்று எழுது.

உன் நண்பன்